கிட்னி கல்லுக்கு ‘ஷாக்வேவ்’ சிகிச்சை: சிறுநீரகத்துக்கு பாதிப்பு வருமா?

வெக்கையில் ஷிப்ட் வேலை. அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வது. சுங்குவார்சத்திரம், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் இப்படி வேலை பார்ப்பவர்களுக்கு சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு அதிகம். தென்னிந்திய உருக்காலை ஒன்றில் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஸ்கேனில் கல் உள்ளிட்ட பாதிப்பு தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அதிக வெப்பமுள்ள பிரிவினர்.

கல் வந்தவர்களில் பலருக்கு டாக்டர்கள் சொல்லும் ஒரு வழி ஷாக்வேவ். கத்தி வைக்காமல் கல்லை உடைக்கும் இந்த சிகிச்சை கிட்னியை பாதிக்குமா?

எப்படி வேலை செய்கிறது?

உடலுக்கு வெளியே இருந்து அனுப்பப்படும் அதிர்வலைகள் கல்லின் மீது குவிந்து அதைப் பொடியாக்கும். துகள்கள் சிறுநீரில் வெளியேறும். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்கு இது செய்யப்பட்டது. பொதுவாக 2 செ.மீ.க்கு உட்பட்ட கற்களுக்கு ஏற்றது.

கிட்னிக்கு என்ன ஆகும்?

அலை கல்லை மட்டும் தொடுவதில்லை. சுற்றியுள்ள சின்ன ரத்தக் குழாய்களும் அடி வாங்கும். அதனால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது சகஜம். சிலருக்கு கிட்னியைச் சுற்றி ரத்தம் கட்டலாம். பெரும்பாலும் இது தானாகவே ஆறிவிடும்.

பிற்காலத்தில் பி.பி., சர்க்கரை வருமா? 1985இல் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு (2006), இரண்டும் அதிகம் என்றது. பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

பாதிப்பைக் குறைப்பது எப்படி?

குறைந்த சக்தியில் தொடங்கி மெல்ல கூட்டுவதும், நிமிடத்துக்கு 120க்குப் பதில் 60 அலைகள் கொடுப்பதும் கிட்னியைக் காக்க உதவும். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் கல்லும் நன்றாக உடையும்.

டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை:

• கட்டுப்படாத பி.பி. இருந்தால் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம்
• ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் (நீங்களாக நிறுத்த வேண்டாம்)
• சிறுநீர்த் தொற்று, காய்ச்சல்
• கர்ப்பம்: இவர்களுக்கு இந்த சிகிச்சை கூடாது

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

குளிர் காய்ச்சல், தாங்க முடியாத விலா வலி, தலைசுற்றல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீர் அடைப்பு. இதில் ஒன்று இருந்தாலும், ‘ஷிப்ட் முடியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. உடைந்த துகள்கள் சிறுநீர்க் குழாயில் வரிசையாக அடைத்துக்கொண்டால், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கிட்னிக்குத்தான் நஷ்டம்.