மதுரை வட்டாரத்தில் பழைய ஜெர்மன் கார்கள்

மதுரைப் பக்கம் 'ஜெர்மன் வண்டி' என்றால் பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ், ஆடி ஆகிய மூன்றின் செகண்ட்ஸ் கார்கள். வேகப் பிரியர்களின் கணக்கில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.யும் சேரும். புதிதாக ஐம்பது லட்சத்துக்குப் போன கார் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு புது டிசையர் விலைக்கு வந்து நிற்கும். வாங்குபவரை இழுப்பதும், பிறகு வருத்துவதும் இதுதான். வண்டியின் விலை இறங்கினாலும் அதன் உதிரியின் விலை இறங்காது. கியர்பாக்ஸ் இன்றும் ஐம்பது லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான். யானையை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது என்று ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

மோட்டார் இவ்வூருக்குப் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியது மதுரையில்தான். பஸ், லாரி, உதிரிப்பாகம் என்று அது வளர்ந்ததில் தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகளும் இங்கே உருவானார்கள். ஜெர்மன் கார் பரவலானது வெகு பின்னால். மெர்சிடிஸ் 1995இல் புனே அருகே டெல்கோவுடன் சேர்ந்து உற்பத்தியைத் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ 2007 மார்ச்சில் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை திறந்தது. ஆடியும் அதே 2007இல் இந்தியாவில் தன் நிறுவனத்தை அமைத்து, அவுரங்காபாதில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. உள்நாட்டில் பூட்டியதால் விலை குறைந்தது. விலை குறைந்ததால் டாக்டர்களும் கிரானைட், ஜவுளி வியாபாரிகளும் வாங்கினார்கள். அவர்கள் கழித்துவிட்ட கார்கள்தான் இன்றைய செகண்ட்ஸ் சந்தைக்கு அடித்தளம். 'டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்' என்று புரோக்கர் சொல்லாத கார் அரிது. எல்லா டாக்டர்களும் ஒரே நேரத்தில் கார் மாற்றுகிறார்களோ என்று தோன்றும்.

பேட்ஜும் உண்மையும்

வேகத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருப்பவர்கள் ஜெர்மானியர்கள். மெர்சிடிஸுக்கு 1967இல் தனிப் பட்டறையாகத் தொடங்கிய ஏ.எம்.ஜி., பி.எம்.டபிள்யூவுக்கு 1972இல் பிறந்த எம் பிரிவு, ஆடிக்கு ஆர்.எஸ். வரிசை. இந்தப் பிரிவுகளின் முழு ரத்த வண்டிகள் மதுரைச் சாலையில் அபூர்வம். அடிக்கடி கண்ணில் படுவது பி.எம்.டபிள்யூவின் 'எம் ஸ்போர்ட்' வகை. அதில் பம்பரும் ஸ்டியரிங்கும் சக்கரமும்தான் விளையாட்டுத்தனம். இஞ்சின் சாதாரண 320டி.யின் இஞ்சினே. பின்பக்கம் ஒட்டிய எழுத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுத்தவர்கள் உண்டு. சேசிஸ் எண்ணைப் பார்த்தால் குழப்பம் தீரும். உண்மையான எம் காரின் 17 எழுத்து எண் 'டபிள்யூ.பி.எஸ்.' என்று தொடங்கும். சென்னை ஆலையில் பூட்டி 2021 மார்ச்சில் வந்த 'எம் 340ஐ' கார், எம் ஸ்போர்ட்டுக்கும் உண்மையான எம் காருக்கும் நடுவில் நிற்பது. 387 குதிரைத்திறனும், 4.4 விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகமும் கொண்ட அது, எம் பெயருக்குத் தகுதியான வண்டிதான்.

சின்ன வண்டி விரும்புபவர்களுக்கு 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. உண்டு. அதில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சினும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸும் உள்ளன. 2016இல் 99 மட்டுமே என்று 25.99 லட்சத்துக்கு அறிவிக்கப்பட்ட மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ. இன்று சேகரிப்பாளர் பொருள்.

எங்கிருந்து வருகின்றன

டி.என். 58, 59, 64 என்ற மதுரைப் பதிவெண்ணோடு உள்ளூரிலேயே கைமாறும் வண்டிக்கு மவுசு அதிகம், ஏனென்றால் அதன் பழைய ஓனரை ஒரு டீக்கடைத் தூரத்தில் விசாரித்துவிடலாம். மற்றவை சென்னை, கோவை, பெங்களூரு, கேரளத்திலிருந்து வருகின்றன.

டெல்லி வண்டிக்குத் தனிக் கதை. பத்து வருடத்தைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025இல் பிடி சற்றுத் தளர்ந்தாலும், அதற்குள் ஒன்பது வயது டீசல் சொகுசுக் கார்கள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே இறங்கிவிட்டன. விலை மலிவுதான். ஆனால் ஆட்சேபமில்லாச் சான்று வாங்கி, மதுரையில் புது எண் போட்டு, வண்டியின் வயதுக்கும் விலைக்கும் ஏற்பத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்டி முடித்தபின் அந்த மலிவில் பாதி கரைந்திருக்கும். 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு அந்த வரி 20 விழுக்காடு என்பதை வைத்தே பாரத்தை ஊகிக்கலாம்.

அதைவிட ஆபத்தானது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் கார்கள் நீரில் நின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று ஏலம் விட்டவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கினால் மூலையில் மண் இருக்கும். ஜெர்மன் காரில் இது வெறும் அழுக்குப் பிரச்சினை அல்ல. கணினிப் பெட்டிகளும் ஒயர் முடிச்சுகளும் பல மாடல்களில் தரைக்கம்பளத்துக்கு அடியிலேயே இருக்கின்றன. ஈரம் புகுந்த ஒயர் ஒரு வருடம் கழித்துத்தான் பச்சை பூக்கும்.

பார்த்து வாங்குதல்

வண்டி பார்க்கக் காலையில் போவது வழக்கம், முதல் நாளே 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டு. போனதும் முதல் வேலை பானட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்திருந்தால் சாவியைப் போட்டு முதல் மூன்று விநாடி காது கொடுக்க வேண்டும். டப்பாவில் ஆணி குலுங்குவது போல ஒரு சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 2007 முதல் 2011 வாக்கில் செய்யப்பட்ட 320டி, 520டி கார்களின் என் 47 டீசல் இஞ்சினுக்கு இது பெயர்போன வியாதி. மற்ற பல கார்களில் செயின் இஞ்சினின் முன்பக்கம் இருக்கும். இதில் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இஞ்சினையோ இறக்கியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சின் போய்விடும்.

அடுத்தது ஸ்கேனர். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள துளையில் மாட்டினால் எரர் கோட் வரும். 'எல்லாம் கிளியர்' என்று வந்தாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், நேற்றுத்தான் அழித்திருக்கலாம். மீட்டரைக் குறைப்பது எளிது. ஆனால் வேறு சில கணினிப் பெட்டிகளிலும் ஓடிய தூரம் பதிந்திருக்கும். அதை ஒப்பிடத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமும் பேசும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் காரில் மூன்றாம் ஜோடி டயர் இருந்தால் கணக்கு உதைக்கிறது.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, எத்தனையாவது ஓனர், அபராதம் பாக்கி உண்டா என்பதெல்லாம் அரசின் பரிவாகன் தளத்திலேயே தெரியும். கடன் அடைந்திருந்தால் வங்கிச் சான்றும் படிவம் 35உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம் வேண்டும்.

வெயிலும் பிளாஸ்டிக்கும்

ஐரோப்பியக் குளிருக்கு வடிவமைத்த கார் கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் ஓடுகிறது. எடை குறைக்கக் கூலண்ட் டேங்க், குழாய் இணைப்பு, தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். பத்து வருடச் சூட்டில் அவை பிஸ்கட்டாகிவிடும். பி.எம்.டபிள்யூ சிலவற்றில் வாட்டர் பம்பே மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் முன்கூட்டிச் சத்தம் கித்தம் எதுவும் இருக்காது, நேராக ஊசி சிவப்புக்குப் போகும். அனுபவசாலிகள் இந்தப் பாகங்களைக் கெடும்வரை காத்திராமல் மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். வழியில் தண்ணீர் குறைந்தது என்று போர் தண்ணீரை ஊற்றுவது பெரிய பாவம். இவ்வட்டாரத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். கூலண்டோடு காய்ச்சி வடித்த நீர்தான் கலக்க வேண்டும்.

இஞ்சின் ஆயிலுக்கு ஐரோப்பியக் கையேடு சொல்லும் நீண்ட இடைவெளி இங்கே உதவாது. தூசியும் நெரிசலும் உள்ள ஊரில் அதைப் பாதியாக்குவது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆயில் வாங்கும்போது பிராண்டைவிட டப்பாவில் உள்ள ஒப்புதல் எண் முக்கியம். மெர்சிடிஸ் டீசலுக்கு 229.51, ஃபோக்ஸ்வாகன் குழும டீசலுக்கு 507.00 என்பன போல. டீசல் வண்டியின் புகைவடிகட்டி நகருக்குள்ளேயே ஓடினால் அடைத்துக்கொள்ளும். கோரிப்பாளையம் நெரிசலில் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லை. வாரம் ஒருமுறை மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ நான்குவழிச் சாலையில் அரைமணி நேரம் சீராக விரட்டிவருவதே மருந்து. இந்த மருந்தை யாரும் வேண்டாம் என்பதில்லை.

பெட்ரோல் வண்டிக்கு வேறு கவலை. இந்த இஞ்சின்கள் பலவும் 95 ஆக்டேனை எதிர்பார்ப்பவை, பங்கில் நெடுநாள் கிடைத்த சாதாரணப் பெட்ரோலோ 91. டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரைப் படித்து, பங்கில் கிடைப்பது அதற்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலப்பு வந்தபின் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் பார்வையிட வேண்டியிருக்கிறது.

கியர்பாக்ஸ் விஷயத்தில் போலோ ஜி.டி.யின் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. நகர நெரிசலில் சூடாகி, 'மெக்கட்ரானிக்' என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு காட்டும். இந்த வகைக்கே 2013இல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மாறாக, பி.எம்.டபிள்யூவின் எட்டு கியர் இசட்.எஃப். பெட்டி உழைப்பாளி. 'வாழ்நாள் ஆயில்' என்பதை மட்டும் நம்பக் கூடாது. அதைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

பட்டறை, சாலை, சட்டம்

மதுரைப் பட்டறைகளில் கை வேலைக்குக் குறையில்லை. குறை, கணினியும் உதிரியும். பி.எம்.டபிள்யூவில் புது பேட்டரி மாட்டினாலே கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். உதிரி சென்னையிலிருந்து பஸ்ஸிலோ பார்சல் லாரியிலோ வரும், அதுவரை வண்டி ஜாக்கியில் நிற்கும். 460 கிலோமீட்டர் தூரம்தான் இங்கே பராமரிப்பின் முதல் செலவு. ஸ்டெப்னி இல்லாத ரன்பிளாட் கார்களின் டயர் உசிலம்பட்டிக்கு அப்பால் வெடித்தால் அதே கதை.

தாழ்ந்த பம்பருக்கு எதிரி கிராமத்து வேகத்தடை. குறுக்காகச் சாய்த்து ஏற்றி இறக்கும் வித்தை இங்கே ஓட்டுபவர் எல்லோருக்கும் தெரியும். நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023இல் திறந்தபின் அந்தத் திசைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி.

இஞ்சின் கணினியை ரீமேப் செய்து குதிரைத்திறன் கூட்டுவது, சைலன்சரை வெட்டுவது எல்லாம் இளைஞர்களிடம் உண்டு. உற்பத்தியாளரின் குறிப்புக்கு மாறான மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. விபத்துக்குப்பின் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவதும் இதைத்தான். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் பழைய வண்டியின் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். ஜெர்மன் கார் முன்பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது!

விற்பது வாங்குவதைவிட மெதுவான வேலை. வட்டாரத்தில் இந்த வண்டியை எடுப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். ஒருவர் பார்த்து வேண்டாம் என்றால் சேதி மற்றவர்களுக்கும் போய்விடும். பில்லும் சர்வீஸ் சீட்டும் கோப்பாக வைத்திருப்பவரிடம் மட்டும் விலையில் பேரம் குறைவாக நடக்கும். கைமாறியதும் படிவம் 29ஐ 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் கொடுத்துவிட வேண்டும், வெளிமாநிலம் என்றால் 45 நாள். ஃபாஸ்டேக்கையும் அன்றே மூட வேண்டும். மறந்தால் புது ஓனர் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பழைய ஓனரின் போன் 'டிங்' என்று அடிக்கும்.