டாலர் டாலராக மீட்ட வீடு

மவுண்ட் வெர்னன், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து மறைந்த வீடு. வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், பொட்டோமாக் ஆற்றின் மேட்டுக்கரையில் இருக்கிறது. 1850-களில் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்ட இந்த வீட்டை மத்திய அரசும் வாங்கவில்லை, மாநில அரசும் வாங்கவில்லை. ஓட்டுரிமைகூட இல்லாதிருந்த பெண்கள் ஊர் ஊராக வசூல் செய்து வாங்கினார்கள். அவர்கள் தொடங்கிய சங்கமே 1860 முதல் இன்றுவரை அதைப் பராமரித்து வருகிறது. பழைய வீடுகளைப் பொதுமக்கள் பணத்தால் காக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது இந்த முயற்சியால்தான்.

வீட்டின் மூலக் கட்டடத்தை 1734 வாக்கில் எழுப்பியவர் ஜார்ஜின் தந்தை அகஸ்டின் வாஷிங்டன். ஜார்ஜின் அண்ணன் லாரன்ஸ், தனக்கு மேலதிகாரியாக இருந்த கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் பெயரை அதற்குச் சூட்டினார். லாரன்ஸின் மறைவுக்குப் பின் ஜார்ஜ் முதலில் குத்தகையாகவும், 1761-லிருந்து சொந்தமாகவும் அதை அடைந்தார். மாடி எடுத்து, பக்கவாட்டில் நீட்டி, ஆற்றைப் பார்த்தபடி இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தாழ்வாரம் போட்டு அதை 21 அறைகள் கொண்ட மாளிகையாக்கினார். பார்வைக்குக் கல் கட்டடம், உண்மையில் மரம். பைன் பலகைகளின் விளிம்பைச் சீவிக் கல் அடுக்கியதுபோல் பொருத்தி, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே மேலே மணலைத் தூவினார்கள். மணல் ஒட்டிய அந்தச் சொரசொரப்பு கல்லின் தோற்றத்தைத் தந்தது. ஆனால் மரம் மரம்தான். ஈரமும் பூச்சியும் புகாமல் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய வீடு அது. பின்னால் வந்த துன்பங்களில் பாதி இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை.

1799 டிசம்பர் 14 அன்று வாஷிங்டன் இறந்தார். மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பின் வீடு, வாஷிங்டனின் தம்பி வழி வாரிசுகள் சிலரின் கை மாறி, கடைசியில் மூன்றாம் ஜான் அகஸ்டின் வாஷிங்டனிடம் வந்தது. ஒரு காலத்தில் 8,000 ஏக்கர் இருந்த பண்ணை பங்கு பிரிந்து சுருங்கியிருந்தது. மண் சத்திழந்து விளைச்சல் குறைந்திருந்தது. வருமானம் குறையக் குறைய யாத்ரீகர்கள் மட்டும் பெருகினார்கள். நீராவிப் படகுகளில் வந்து இறங்கியவர்கள் ஞாபகார்த்தமாக மரக்கிளைகளையும் கட்டடத்தின் சில்லுகளையும்கூட எடுத்துப் போனார்கள். வண்ணம் உதிர்ந்தது, தாழ்வாரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டிவந்தது. ஜான் அகஸ்டின் அலட்சியக்காரர் அல்லர். அந்த அளவுள்ள மரவீட்டைக் காப்பது ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறிய செலவு. அரசிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இரண்டு லட்சம் டாலர் விலை சொன்னார். அமெரிக்கக் காங்கிரஸ் அசையவில்லை. வர்ஜீனியா சட்டமன்றமும் கைவிரித்தது. நிலத்தை வைத்துத் தொழில் செய்ய நினைத்தவர்கள் அணுகினார்கள். அவர்களுக்கு விற்க அவருக்கு மனமில்லை.

1853-ல் லூயிசா கன்னிங்ஹாம் என்ற தென் கரோலினாப் பெண்மணி இரவு நேரத்தில் படகில் அந்த வழியே சென்றார். மவுண்ட் வெர்னனைக் கடக்கும்போது படகின் மணியை ஒலிப்பது வழக்கம். மணியோசை கேட்டு வெளியே வந்தவர் நிலவொளியில் வீடு இருந்த கோலத்தைப் பார்த்தார். தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், ஆண்கள் இதைக் காக்க முன்வராவிட்டால் பெண்கள் ஏன் ஒன்றுசேர்ந்து செய்யக்கூடாது என்று கேட்டார்.

மகள் ஆன் பமீலா கன்னிங்ஹாமுக்கு அப்போது வயது 37. இளம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். பெரும்பாலும் படுக்கையில் கழிந்த வாழ்க்கை. அவர் 1853 டிசம்பர் 2 அன்று சார்ல்ஸ்டன் நகரின் ‘மெர்க்குரி’ பத்திரிகையில், தென்னாட்டுப் பெண்மணி ஒருவர் என்ற புனைபெயரில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் பெயர் பத்திரிகையில் வருவது அந்தக் காலத்தில் அழகாகக் கருதப்படவில்லை. முதல் வேண்டுகோள் தென் மாநிலப் பெண்களுக்கு மட்டுமே. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் முறுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆனால் தெற்கில் மட்டும் வசூலித்து இந்தத் தொகையை எட்ட முடியாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. வடக்கிலிருந்தும் பெண்கள் சேர்ந்தார்கள். மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கம் நாடு தழுவிய அமைப்பாயிற்று.

அதன் கட்டுக்கோப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைமையில் ஒரு தலைவி. அவருக்குக் கீழே மாநிலத்துக்கு ஒருவராகத் துணைத்தலைவிகள். அவர்களுக்குக் கீழே நகரங்களிலும் சிற்றூர்களிலும் வசூல் பொறுப்பாளர்கள். வர்ஜீனியாவுக்கு முன்னாள் நாடக நடிகை அன்னா கோரா ரிட்சி. புளோரிடாவுக்கு வாஷிங்டன் குடும்பத்து உறவினரான கேத்தரின் முரா. நியூயார்க்குக்கு அலெக்சாண்டர் ஹாமில்டனின் பேத்தி மேரி ஹாமில்டன். ஊரில் பெயருள்ளவர்களாகப் பார்த்துத்தான் கன்னிங்ஹாம் தேர்ந்தெடுத்தார். பெயருள்ளவர் கேட்டால் கொடுப்பார்கள் என்ற கணக்கு பலித்தது. ஆனால் கேட்ட தொகை பெரியதல்ல. ஆளுக்கு ஒரு டாலர் போதும் என்பதுதான் அடிப்படை. சில பணக்காரர்களிடம் பெருந்தொகை வாங்கி முடித்திருந்தால் வீடு கிடைத்திருக்கும். அதன் மேல் இவ்வளவு பேருக்குப் பாத்தியதை கிடைத்திருக்காது. பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தார்கள். மேசானியச் சங்கங்கள் கொடுத்தன. 1858-ல் தொடங்கிய ‘மவுண்ட் வெர்னன் ரெக்கார்டு’ என்ற மாத இதழில், கோயில் திருப்பணியின் உபயதாரர் பட்டியல்போல, கொடுத்தவர்களின் பெயர்கள் அச்சாகின.

தனியொருவராக அதிகம் திரட்டித் தந்தவர் மாசசூசெட்ஸின் எட்வர்ட் எவரெட். ஆளுநர், செனட்டர், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் என்று பல பதவிகளை வகித்தவர். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய மேடைப் பேச்சாளர். 1856 முதல் 1860 வரை நாடெங்கும் ஊர் ஊராகச் சென்று வாஷிங்டனின் குணநலன் பற்றிய ஒரே சொற்பொழிவைச் சுமார் 130 முறை நிகழ்த்தினார். நுழைவுக் கட்டணம் முழுவதும் சங்கத்துக்கே. ‘நியூயார்க் லெட்ஜர்’ பத்திரிகையில் ஓராண்டு வாரந்தோறும் கட்டுரை எழுதுவதற்குக் கிடைத்த 10,000 டாலரையும் அப்படியே கொடுத்துவிட்டார். அவர் வழியாக வந்தது 69,000 டாலருக்கு மேல். அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு. 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கனின் சிற்றுரைக்கு முன் இரண்டு மணி நேரம் பேசியவர் என்றுதான் இன்று பலர் எவரெட்டை அறிவார்கள். மவுண்ட் வெர்னனுக்கு அவர் செய்தது அதைவிடப் பெரிது.

பணம் சேரத் தொடங்கிய பிறகும் சட்டச் சிக்கல் தீரவில்லை. மணமான பெண்கள் தங்கள் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதே பல மாநிலங்களில் கடினமாக இருந்தது. எனவே 1856-ல் வர்ஜீனியா சட்டமன்றத்திடம் சாசனம் பெற்றுச் சங்கத்தைச் சட்டபூர்வ அமைப்பாக்கினார்கள். ஜான் அகஸ்டினோ தன் முன்னோரின் வீடு அரசுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பெண்கள் சங்கத்துக்கு விற்பது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. கன்னிங்ஹாம் நேரில் வந்து பேசியும் இறங்கிவரவில்லை. திரும்பும் படகைத் தவறவிட்டு அவர் மீண்டும் அதே வீட்டுக்குப் போக நேர்ந்தது. அன்று நடந்த இரண்டாவது பேச்சில்தான் உரிமையாளரின் மனக்காயம் என்ன என்பது அவருக்குப் புரிந்தது. தன்னை விலை பேசி ஆதாயம் தேடுபவர் என்று ஊரார் பேசியதிலும், சட்டமன்றம் நடந்துகொண்ட விதத்திலும் நொந்துபோயிருந்தார் அவர். அதை உணர்ந்து கன்னிங்ஹாம் பேசியபின் பிடி தளர்ந்தது. 1858 ஏப்ரல் 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வீடு, கல்லறை, 200 ஏக்கர் நிலம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் டாலர், முன்பணம் 18,000, மீதி தவணைகளில். சங்கம் என்றாவது கலைந்தால் சொத்து வர்ஜீனியா மாநிலத்தைச் சேரும் என்பதும் ஏற்பாடு. கெடுவுக்கு முன்பே பணம் கட்டப்பட்டது. 1860 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாளன்று, வீடு சங்கத்தின் வசமாயிற்று.

உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் வாரிசுகளிடையே பிரிந்து போயிருந்தன. எஞ்சியவற்றில் மூன்று முக்கியமானவை: பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் 1785-ல் வாஷிங்டனை நேரில் பார்த்துச் சமைத்த சுடுமண் மார்பளவுச் சிலை, படிப்பறையில் இருந்த பூகோள உருண்டை, பாரிஸின் பாஸ்டில் சிறையின் இரும்புச் சாவி. சாவி, பிரெஞ்சுத் தளபதியும் வாஷிங்டனின் நண்பருமான லஃபாயெத் 1790-ல் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தது.

ஓராண்டு சற்றே கடந்ததும் உள்நாட்டுப் போர் மூண்டது. மவுண்ட் வெர்னன் இரு படைகளுக்கும் நடுவில் அகப்பட்டது. கன்னிங்ஹாம் தென் கரோலினாவில் முடங்கினார். அவருடைய செயலாளர் சாரா டிரேசி நியூயார்க் மாநிலத்தவர். கண்காணிப்பாளர் அப்டன் ஹெர்பர்ட் வர்ஜீனியாக்காரர். வடக்கையும் தெற்கையும் சேர்ந்த இந்த இருவரும் சில பணியாளர்களோடு போர் முழுவதும் வீட்டிலேயே தங்கினார்கள். டிரேசி தலைநகருக்குப் போய்த் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட்டைச் சந்தித்து, படைகள் அந்த எல்லைக்குள் நுழையாதிருக்க உத்தரவு பெற்றார். பார்க்க வரும் சிப்பாய்கள் ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சீருடையை மறைக்கப் போர்வை போர்த்தி வந்தவர்களும் உண்டு. பயணப் படகுகள் நின்றுபோனதால் வருமானம் அடியோடு வற்றியது. வீட்டை விற்ற ஜான் அகஸ்டின் 1861 செப்டம்பரில் தென்படையில் போரிட்டு மாண்டார். சுற்றுவட்டாரம் போரில் அலைக்கழிந்தபோதும் வீட்டின் மேல் ஒரு குண்டு விழவில்லை. சங்கத்தின் வரலாற்றில் பண வசூலைவிட இந்த நான்கு ஆண்டுக் காவல்தான் அரிய சாதனை. அதற்குரிய புகழ் டிரேசிக்குக் கிடைக்கவில்லை.

போருக்குப் பின் கன்னிங்ஹாம் மவுண்ட் வெர்னனுக்கு வந்து தங்கி, 1874-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இறந்தார். விடைபெறும்போது அவர் வைத்த கோரிக்கை ஒன்றே: நாடு எவ்வளவு மாறினாலும் இந்த ஓர் இடத்தை மாற்றாமல் வைத்திருங்கள். கொடை அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது, உருவம் மாறியது. ஒவ்வொரு அறையையும் ஒரு மாநிலத்துத் துணைத்தலைவி பொறுப்பேற்று, சிதறிப்போன பொருள்களைத் தேடிச் சேர்த்தார். கலிபோர்னியாவின் ஃபீபி ஹர்ஸ்ட் சதுப்பு நிலத்தை வற்றவைக்கவும் ஆற்றங்கரையை வலுப்படுத்தவும் செலவு செய்தார். 1885 முதல் 1937 வரை கண்காணிப்பாளராக இருந்த ஹாரிசன் டாட்ஜ், ஊகத்தை விட்டு ஆவணங்களைப் பார்த்துப் பழுதுபார்க்கும் பழக்கத்தை நிலைநாட்டினார். 1923-ல் ஹென்றி ஃபோர்டு தீயணைப்பு வண்டி ஒன்றை வழங்கினார்; மரவீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நன்கொடை இல்லை.

1950-களில் ஆபத்து எதிர்க்கரையிலிருந்து வந்தது. தாழ்வாரத்திலிருந்து நேராகத் தெரியும் மேரிலாந்துக் கரையில் எண்ணெய்த் தொட்டிகள் எழுப்பத் திட்டம் உருவானது. ஒஹாயோவின் துணைத்தலைவியும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருமான ஃபிரான்சிஸ் போல்டன் அங்கே நிலத்தைத் தானே வாங்கி, 1957-ல் அக்கோகீக் அறக்கட்டளையை நிறுவினார். அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் பலர் தங்கள் நிலத்தில் உயரமாகக் கட்டுவதில்லை, மரங்களை வெட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 1961-ல் வந்த சட்டத்தின் மூலம் அந்தக் கரை பிஸ்கடவே பூங்காவாயிற்று.

இந்தப் பெருமையோடு ஒரு குறையையும் சேர்த்தே எழுத வேண்டும். வாஷிங்டன் இறந்த ஆண்டில் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். தனக்கு உரிமையான 123 பேரை விடுவிக்க அவர் உயிலில் எழுதிவைத்தார். மற்றவர்கள் பெரும்பாலும் மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து என்பதால் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். சங்கத்தைத் தொடங்கிய பெண்களில் பலர் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தினர். கன்னிங்ஹாமின் குடும்பமும் அப்படியே. ஆகவே தலைவனின் வீட்டைக் காத்தவர்கள், அதைக் கட்டி உழைத்தவர்களின் புதைகாட்டை நெடுங்காலம் கவனிக்கவில்லை. 1929-ல்தான் அங்கே ஒரு சிறு கல் நடப்பட்டது. 1983-ல் ஹாவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவிடம் எழுந்தது. 2014 முதல் அகழாய்வாளர்கள் புதைகுழிகளின் இடங்களை, உடல்களைத் தொடாமல், ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறார்கள். இந்த வேலைக்கும் செலவு நன்கொடையாளர்களுடையதே.

மவுண்ட் வெர்னனின் ஏற்பாடு மற்ற இடங்களுக்கு மாதிரியாயிற்று. டென்னசியில் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஹெர்மிடேஜ் வீட்டைக் காக்க 1889-ல் அமைந்த மகளிர் சங்கம் இதைப் பார்த்து உருவானது. அதே ஆண்டில் வர்ஜீனியாவின் பழம்பொருள் பாதுகாப்புச் சங்கமும் தோன்றியது. வசூல், சாசனம், நிரந்தரக் காவல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வீடு நிற்கும் என்ற பாடத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதும் சங்கம் அரசு மானியம் இல்லாமல், நுழைவுக் கட்டணம், விற்பனை வருமானம், நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு நடக்கிறது. 2023-ல் மாளிகையின் அஸ்திவாரம், அடித்தள மரச்சட்டங்கள், காற்றோட்ட அமைப்பு ஆகியவற்றைச் செம்மைப்படுத்தும் பெரும் பணி தனியார் கொடையில் தொடங்கியது; மதிப்பு சுமார் 4 கோடி டாலர். அந்தப் பணிக்காக நிலவறைத் தரையைத் தோண்டியபோது, 18-ஆம் நூற்றாண்டில் புதைத்து வைத்த கண்ணாடிப் புட்டிகள் 2024-ல் வெளிப்பட்டன. மொத்தம் 35; அவற்றில் 29 உடையாதவை; பலவற்றில் செர்ரி முதலிய பழங்கள் காம்போடும் கொட்டையோடும் அழியாமல் இருந்தன. பழங்களைப் பறித்துப் பதமிட்டவர்கள் அந்த வீட்டின் அடிமைப் பணியாளர்களாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.