உயரமானவரை எங்கே நிறுத்துவது? யோகிச்சுக்கு எதிரான மூன்று தொடர்கள்

எதிரணியில் ஓங்கிய சென்டர் ஒருவர் இருந்தால் தம் அணியின் உயரமான தடுப்பாளரை அவர்மீது ஏவுவதே கூடைப்பந்துப் பயிற்சியாளர்களின் வழக்கம். டென்வர் நகெட்ஸ் அணியின் நிகோலா யோகிச்சுக்கு எதிராக 2023 முதல் 2025 வரை நடந்த மூன்று என்பிஏ பிளே-ஆஃப் தொடர்களை வைத்துப் பார்த்தால் அவ்வழக்கம் நிற்காது. யோகிச் கூடை போடுவதைவிட, வளையத்துக்கு முதுகுகாட்டி நின்று, ஊடே பாய்ந்து வரும் சகவீரர்களுக்குப் பந்தைத் தருவதே ஆபத்து. உயரமானவரை அவரோடு கட்டிப்போட்டால் வளையத்தைக் காக்க ஆளிராது. ஆகவே முட்டித் தாங்கும் வேலையை வேறொருவரிடம் விட்டு, சிறந்த தடுப்பாளரைப் பின்னே நிறுத்துவதே தக்கது. புதுக்கோட்டை மாவட்ட வடமாடு மஞ்சுவிரட்டிலும் திமிலைப் பிடிப்பவர் ஒருவரே. குழுவின் மற்ற எட்டுப் பேர் நிற்கும் இடம்தான் அவருக்கு வழிவிடுகிறது.

2024இல் மினசோட்டா அணியின் ரூடி கோபேர் நான்காம் முறையாக ஆண்டின் சிறந்த தடுப்பாளர் விருது பெற்றவர். அந்த ஆண்டு டென்வருடனான தொடரில் அவர் ஆடாத இரண்டாம் ஆட்டத்தில் டென்வர் 80 புள்ளிகளில் முடங்கியது. யோகிச் எடுத்தவை 16. ஐந்தாம் ஆட்டத்தில் கோபேரைப் பலமுறை நேருக்கு நேர் சந்தித்த யோகிச், 40 புள்ளியும் 13 அசிஸ்டும் குவித்தார். ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்கவில்லை. ஏழாம் ஆட்டத்தில் கார்ல்-அந்தோனி டவுன்ஸ் முன்னே முட்ட, கோபேர் பின்னே காத்தார். யோகிச் அன்றும் 34 எடுத்தார், ஆனால் 28 எறிதல்களில் 13தான் விழுந்தன. 20 புள்ளி பின்தங்கியிருந்த மினசோட்டா 98-90 என வென்றது.

இதே உத்தியைக் கையாண்ட லேக்கர்ஸ் 2023இல் 4-0 எனத் தோற்றதே என்று கேட்கலாம். ஹாச்சிமுரா முன்னே, அந்தோனி டேவிஸ் பின்னே, உண்மைதான். ஆனால் நான்கு ஆட்டங்களின் வித்தியாசமும் சேர்த்து 24 புள்ளிகளே. அவர்களை வீழ்த்தியதில் யோகிச்சுக்கு நிகரான பங்கு, சராசரி 32.5 எடுத்த கார்டு ஜமால் மர்ரிக்கு உண்டு. உத்தி ஒரு வாசலை அடைத்தது, இன்னொன்று திறந்து கிடந்தது. 2025 ஏழாம் ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி, யோகிச்சைவிட அரையடி குட்டையான அலெக்ஸ் கரூசோவை அவர்மீது விட்டது. யோகிச் எறிந்ததே 9 முறை, ஆட்டம் 125-93. டென்வரின் ஆரன் கார்டன் தொடைத்தசைக் காயத்தோடு ஆடியதால் இதைத் தனிச்சான்றாக நான் கொள்ளவில்லை.

என்பிஏ விதிப்படி, யாரையும் நெருங்கிக் காக்காத தடுப்பாளர் வளையத்தடிப் பகுதியில் 3 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால்தான் கோபேரும் டேவிஸும், தொலைவெறிதலில் அஞ்சத்தக்கவரல்லாத கார்டனைக் காப்பதாகக் கணக்குக் காட்டி உள்ளே நின்றார்கள். நம் ஊர்களில் ஆடும் ஃபிபா விதியில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. அப்படியிருக்க, புதுக்கோட்டைப் பள்ளி அணியொன்று தன் ஒரே நெடியவனை எதிரணி சென்டரோடு மல்லுக்கட்ட அனுப்பி, இடைவேளைக்குள் நான்கு ஃபவுல் வாங்க வைப்பது வீண் செலவு.