செம்பனைத் தோட்டத்துக்கு டிராக்டர்: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு காலத்தில் செம்பனைக் குலைகள் தள்ளுவண்டியிலும் எருமை வண்டியிலும் சாலைக்கு வந்து சேர்ந்தன. இன்று பல தோட்டங்களில் அந்த வேலையை மினி டிராக்டரும், குலையைக் கவ்வித் தூக்கும் கிராப்பரும் செய்கின்றன. பழம் வெட்டவும் சுமக்கவும் ஆள் கிடைக்காத நிலையில், சொந்த நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரும் இயந்திரம் வாங்குவது பற்றி யோசிக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் கைக்கு வந்த இ.பி.எஃப். பணத்தை அதில் போடுவோரும் உண்டு. தவறான இயந்திரம் வாங்கினால் அது கொட்டகையில் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

எவ்வளவு பழம்?

குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன், சுமக்க வேண்டிய பாரத்தைக் கணக்கிட வேண்டும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 7 டன் என்று வைத்துக்கொண்டால், 10 ஏக்கரில் 70 டன் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் ஆண்டுக்கு 26 சுற்று; ஒரு சுற்றுக்குச் சுமார் 2.7 டன். ஒன்றரை டன் ஏற்றும் டிரெய்லருக்கு அது இரண்டே நடை. மீதி நாள்களில் இயந்திரத்துக்கு வேலை இராது.

100 ஏக்கரில் அதே சுற்றுக்கு 27 டன், அதாவது 18 நடை. விளைச்சல் உச்சத்தைத் தொடும் மாதங்களில் இது இன்னும் கூடும். பழம் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேருவது நல்லது. தாமதமானாலும் அடிபட்டாலும் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் குறையும். ஆகவே இயந்திரத்தின் அளவை உச்ச மாதத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

டன்னுக்கு எவ்வளவு செலவு?

ஓர் எடுத்துக்காட்டு. இயந்திரத்தின் விலை 80,000 ரிங்கிட் என்றும், பத்து ஆண்டுக்குப் பின் 20,000 ரிங்கிட்டுக்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட். 10 ஏக்கர்காரருக்கு அது டன்னுக்குச் சுமார் 86 ரிங்கிட். 100 ஏக்கர்காரருக்கு 9 ரிங்கிட்டுக்கும் குறைவு. வங்கி வட்டி, டீசல், டயர், பழுதுபார்ப்பு, ஓட்டுநர் சம்பளம் ஆகியவை இதற்கு மேல்.

இந்தத் தொகையை வட்டாரக் குத்தகையாளர் டன்னுக்குக் கேட்கும் கூலியுடன் ஒப்பிட வேண்டும். கூலி குறைவாக இருந்தால் வாடகைக்கு எடுப்பதே லாபம். பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கைந்து பேர் கூட்டாக வாங்குவது இன்னொரு வழி. ஆனால் யார் எந்த நாள் பயன்படுத்துவது, பழுதானால் யார் செலவு செய்வது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மண் என்ன சொல்கிறது?

சிலாங்கூர், கீழ்ப் பேராக் கரையோரங்களில் களிமண் நிலம் அதிகம். மழைக்காலத்தில் கனமான டிராக்டர் அங்கே புதைந்துவிடும். கரிமண் நிலத்தில் இன்னும் சிரமம். இத்தகைய இடங்களுக்கு எடை குறைந்த, அகன்ற டயர் அல்லது சங்கிலித் தடம் கொண்ட வண்டியே ஏற்றது. செம்பனையின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால், பாரவண்டி மண்ணை இறுக்கினால் விளைச்சலும் பாதிக்கப்படும். மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் அடுக்கி, மற்ற வரிசையை மட்டும் வண்டிப் பாதையாக வைத்திருப்பது நல்லது.

மேடுபள்ளமான நிலத்துக்கு நான்கு சக்கர இயக்கம் தேவை. செங்குத்தான சரிவுகளில் டிராக்டர் கவிழும் ஆபத்து உண்டு. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இடுப்புப் பட்டையும் இல்லாத வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. உரம் தூவும் கருவியையோ புல் வெட்டும் கருவியையோ இணைப்பதானால், பின்புறச் சுழல்தண்டான பி.டி.ஓ.வுக்குக் கிடைக்கும் திறனைக் கேட்க வேண்டும். அது எஞ்சின் குதிரைத்திறனைவிடக் குறைவாகவே இருக்கும்.

பழைய வண்டி என்றால்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது என்று பொருள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பாரத்தைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்த சிறிது நேரத்தில் அது தானாக இறங்கினால் ஹைட்ராலிக்கில் கோளாறு. மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. மிதிகட்டையின் தேய்மானம் உண்மையைச் சொல்லும்.

உதிரிபாகம் பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்குமா, மெக்கானிக் தோட்டத்துக்கே வருவாரா என்பதும் முக்கியம். பழம் வெட்டும் வாரத்தில் வண்டி படுத்துவிட்டால் நட்டம் தோட்டக்காரருக்கே. பொதுச் சாலையில் ஓட்டுவதானால் பதிவும் உரிய ஓட்டுநர் உரிமமும் தேவை.

கடைசியாக, முன்பணம் கட்டுவதற்கு முன், மழை பெய்த மறுநாள் அந்த வண்டியைச் சொந்த நிலத்திலேயே முழுச் சுமையோடு ஓட்டிக் காட்டும்படி கேட்க வேண்டும். அதற்குத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.