நடனமாது என்று பெயர் வைத்தது யார்?

2023 மே மாதம் புதுதில்லியில் நடந்த சர்வதேச அருங்காட்சியகக் கண்காட்சிக்கு அடையாளச் சின்னமாக ஒரு பொம்மையை வைத்தார்கள். மொகஞ்சதாரோவின் 'நடனமாது' சிலையின் சமகால வடிவம் அது என்றார்கள். மூலச் சிலைக்கு உடை இல்லை, பொம்மைக்கு உடுத்திவிட்டிருந்தார்கள். வெண்கலத்தின் கருமை போய்த் தோலும் வெளுத்திருந்தது. விமர்சனம் எழுந்தபோது, சன்னபட்டணா பொம்மைக் கலை மரபில் செய்தது என்று விளக்கம் தரப்பட்டது. அன்றைய சர்ச்சை பெரும்பாலும் உடையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும்தான். எனக்கோ அதற்கும் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று உறுத்துகிறது. அவளுக்கு 'நடனமாது' என்று பெயர் வைத்தது யார், எதைப் பார்த்து?

சிலை 1926இல் எர்னஸ்ட் மக்கே நடத்திய அகழாய்வில் கிடைத்தது. உயரம் 10.5 செ.மீ.தான். மெழுகு அச்சு முறையில் வார்த்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இடக்கையை வளையல்கள் மூடியிருக்கின்றன. வலக்கை இடுப்பில், முகம் சற்றே நிமிர்ந்திருக்கிறது. நடனத்துக்கான சான்று இவ்வளவுதான். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த ஜான் மார்ஷலுக்கு அந்த நிற்பு, 'நாட்ச்' ஆடும் பெண்களை நினைவூட்டியது. அந்தச் சொல் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 'நாட்ச்' எதிர்ப்பு இயக்கம் சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சூடுபிடித்திருந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கக் கோரி முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1927இல். மார்ஷலின் மொகஞ்சதாரோ நூல் 1931இல் வெளிவந்தது. இடுப்பில் கைவைத்து, கூச்சமில்லாமல் நிற்கும் பெண் என்றால் ஆட்டக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலம் வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கை நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அதே நகரில் கிடைத்த ஆண் சிலைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். மாக்கல்லில் செய்தது, 17.5 செ.மீ. பாதி மூடிய கண்கள், சீராக வெட்டிய தாடி, ஒரு தோளை மூடிய பூவேலைத் துணி. அவருக்குப் 'பூசாரி அரசர்' என்று பெயர். கோயில் என்றோ அரண்மனை என்றோ ஐயமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு கட்டடமும் மொகஞ்சதாரோவில் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு சால்வை அவருக்கு இரண்டு பதவிகளை வாங்கித் தந்துவிட்டது. உடையில்லாதவளுக்குக் கிடைத்தது ஒரு தொழில், அதுவும் ஆண்கள் பார்த்து ரசிக்கும் தொழில். நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் இந்த இரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள்.

பெண்ணியவாதிகளுக்கும் இங்கே ஒரு சறுக்குப் பாதை இருக்கிறது. சுடுமண் பெண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்ததால் அவற்றைத் 'தாய்த்தெய்வம்' என்றார்கள். அங்கிருந்து தாய்வழிப் பொற்காலம் ஒன்றுக்குத் தாவுவது எளிது. நான் தாவத் தயாரில்லை. அந்த உருவங்கள் பலவும் உடைந்த நிலையில், வீட்டுக் கழிவுகளோடு கிடைத்தவை. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் மிகுதியாகக் கிடைக்கும் அவை லோத்தல், காலிபங்கன் போன்ற இடங்களில் மிக அரிது. பெண்ணைத் தெய்வமாக்கி மண்ணில் பிடித்த ஊர், வீட்டுப் பெண்ணுக்கு உரிமை கொடுத்த ஊராகத்தான் இருக்கும் என்பதற்கு ஒரு விதியும் இல்லை. அம்மனுக்குத் தேர் இழுக்கும் தெருக்களில் வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெய்வங்களை விட்டுவிட்டுக் கட்டடங்களுக்கு வருவோம். 1:2:4 என்ற விகிதத்தில் செங்கற்கள், நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், பெருந்தெருவில் அல்லாமல் சந்தில் திறக்கும் வாசல்கள், குளியல் தளங்கள், அங்கிருந்து தெருவுக்கு ஓடும் மூடிய வடிகால்கள். மொகஞ்சதாரோவில் மட்டும் 700 கிணறுகள் இருந்திருக்கலாம் என்று மைக்கேல் யான்சன் கணக்கிட்டார். ஆப்பு வடிவச் செங்கற்களை வட்டமாக அடுக்கிக் கட்டியவை அவை. விளிம்புச் செங்கற்களில் கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறது. பொறியியல் நூல்கள் கிணற்றின் ஆழத்தை அளக்கின்றன. நான் அந்தப் பள்ளத்தைத்தான் பார்க்கிறேன். ஒரு செங்கல் தேய எத்தனை ஆண்டுகள், எத்தனை குடங்கள், எத்தனை தோள்கள் வேண்டும்?

வடிகால்களும் அப்படித்தான். வண்டல் தங்குவதற்குக் குழிகள், எடுத்துத் திறக்கக்கூடிய மூடிகள். அப்படியென்றால் திறந்து, இறங்கி, அள்ளுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அள்ளிய மணல் வடிகாலோரம் குவியலாகவே கிடந்ததை மக்கே பதிவுசெய்திருக்கிறார். உலகின் முதல் நகரச் சுகாதாரம் என்று நாம் மார்தட்டும்போது அந்தக் குவியல் நம் கண்ணில் படுவதில்லை. இன்றைய சாதியை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது பிழை. ஆனால் சுத்தம் இருந்த இடத்தில் சுத்தம் செய்தவர்களும் இருந்தார்கள் என்று சொல்வதில் பிழை ஏதுமில்லை. வடிகாலின் பெருமையைப் பேசுகிற வாய் அவர்களைப் பற்றி மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

வீடுகளுக்குள் அரைகற்கள் நிறையக் கிடைத்தன. முழங்காலிட்டு, முன்னும் பின்னும் தள்ளி அரைக்கிற வகை. தக்களி வட்டுகள் வீட்டுக்கு வீடு கிடைத்தன. வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்த சாயமேற்றிய பருத்தித் துணித் துண்டு, நூற்ற கைகளின் மிச்சம். ஹரப்பாவின் ஆர்-37 இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்தவர்கள் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சொத்தைப்பல் அதிகம் என்று கண்டார்கள். ஒரே வீட்டில் உண்டாலும் இரு பாலரின் உணவும் உடலும் ஒன்றாக இல்லை என்பதற்கு இது ஒரு தடயம். அங்கே புதைக்கப்பட்ட பெண்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினராகவும் ஆண்கள் அவ்வளவு நெருக்கமில்லாதவர்களாகவும் தெரிகிறார்கள், மணமான ஆண்கள் பெண்வீட்டில் வந்து வாழ்ந்திருக்கலாம் என்றும் சில ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த எலும்புகளில் இடக்கை வளையல்களும் இருந்தன. வெண்கலப் பெண்ணின் கையில் இருப்பது மேடை அலங்காரம் அல்ல, ஊர்ப் பெண்களின் அன்றாட வழக்கம் என்று எண்ணுவதற்கு அந்தச் சங்கு வளையல்கள் போதும்.

சிந்துவெளியைத் தமிழர் தம் மூதாதையர் ஊராக எண்ணிப் பேசுவது புதிதல்ல. அஸ்கோ பர்போலாவும் ஐராவதம் மகாதேவனும் அந்த எழுத்துகளைத் திராவிட மொழியின் வழியே படிக்க முயன்றார்கள். எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்தார். உறவு நிறுவப்படட்டும், மகிழ்வேன். ஆனால் மூதாதையரை எண்ணும்போது முத்திரை வைத்திருந்த வணிகரை மட்டும் எண்ணிவிட்டு, நீர் இறைத்தவளையும் மாவு அரைத்தவளையும் சாக்கடை அள்ளியவரையும் விட்டுவிட்டால், அது பாதிக் குடும்பத்தின் வம்சாவளி.

என் கோரிக்கை சிறியது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அந்தச் சிலையின் கீழே 'பெண். வெண்கலம். மொகஞ்சதாரோ' என்று மட்டும் எழுதுங்கள். பாடநூல்களிலும் அப்படியே அச்சிடுங்கள். அவள் என்ன வேலை செய்தாள் என்று ஒரு சிறுமி வகுப்பில் எழுந்து கேட்கட்டும். ஆசிரியர் அவளைக் கிணற்றடிக்கும் அரைகல்லுக்கும் அழைத்துப்போய்ப் பதில் தேடச் சொல்லட்டும்.