பராமரிப்பு இல்லங்கள்: உடைமையும் விதிகளும்

ஒரு பராமரிப்பு இல்லம் யாருடையது என்பதைப் பொறுத்தே, இந்தியாவில் அதை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்பதும் அமைகிறது. புனேயின் கராடியில் ஒருவர் அறக்கட்டளையாக முதியோர் இல்லம் தொடங்கினால், 1950ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி ஆணையரிடம் கணக்குக் காட்ட வேண்டும். கட்டுமான நிறுவனம் முதியோருக்கென அடுக்ககம் கட்டி விற்றால் அது மாநில வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் கீழ் வரும். அந்த ஆணையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் கவனம் லிஃப்ட், சாய்தளம், கைப்பிடி முதலிய கட்டட வசதிகள்மேல்தான். முதியவரைக் கவனிக்கும் முறை இவை இரண்டிலும் முதன்மைப் பொருள் அல்ல.

குழந்தைகள் இல்லங்கள் விதிவிலக்கு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும், மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பதிவைக் கட்டாயமாக்கியது. இதனால்தான் அரசு, தொண்டு இல்லங்களை ஒப்பிடுவது சாத்தியமாகிறது. மத்திய அரசின் குழு 2018இல் அளித்த அறிக்கையின்படி, கணக்கெடுத்த 9,589 இல்லங்களில் 91 விழுக்காடு தொண்டு நிறுவனங்களுடையவை. அச்சட்டத்தின்கீழ் பதிவானவை மொத்தத்தில் 32 விழுக்காடுதான். சட்டம் அப்போது புதிது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மாமல்லபுரத்து ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களைப் பற்றிய செய்தியிலிருந்து 2007இல் எழுந்த வழக்கில், எல்லா இல்லங்களையும் 2017 டிசம்பர் 31க்குள் பதிவுசெய்ய உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது.

பதிவு நடத்தைக்கு உத்தரவாதம் ஆவதில்லை. பீகாரில் டாடா சமூக அறிவியல் கழகம் 110 நிறுவனங்களில் நடத்திய சமூகத் தணிக்கை, 2018இல் முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமையை வெளிக்கொணர்ந்தது. அந்த இல்லம் அரசுப் பணத்தில் தொண்டு நிறுவனம் நடத்தியது. அதே தணிக்கை, அரசே நேரடியாக நடத்திய கூர்நோக்கு இல்லங்களிலும் வன்முறையைக் கண்டது. பணம் கொடுப்பவரே கண்காணிப்பவராகவும் இருந்தால், யார் நடத்தினாலும் ஆய்வு சடங்காகிவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்தைக் கூட்டியது. அவரும் அதே அரசின் அதிகாரிதான்.

இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான அரசு, தனியார், தொண்டு பராமரிப்பு இல்லங்கள் மூன்றுக்கும் ஒரே ஆணையம். 2011 முதல் 2023 வரை அது கட்டாயமாக மூடிய 816 பராமரிப்பு இல்லங்களில் 804 லாப நோக்கில் நடந்தவை. அங்குள்ள இல்லங்களில் பெரும்பாலானவை அவ்வகையே என்றாலும், இந்த விகிதம் அதையும் மிஞ்சுகிறது. இந்திய முதியோர் இல்லங்களுக்கு இப்படியொரு கணக்கை எடுக்கவே வழியில்லை. தனியார் இல்லங்களும் பதிவுசெய்ய வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது.