மோகினிக்கு வயதாகுமா?

பழைய பேய்ப் படங்களை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக மறுபடியும் எடுக்கலாமா, கூடாதா என்று ஒரு சர்ச்சை அவ்வப்போது கிளம்புகிறது. "கூடவே கூடாது!" என்று ஆத்திரப்படுகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். தாங்கள் பயந்த பேயைத் தவிர வேறொரு பேய்க்குப் பிள்ளைகள் பயப்படுவது பெரிய அவமரியாதை என்பது அவர்கள் கட்சி. "எடுக்கலாமே, அதனால் என்ன?" என்கிறவர்களோ படத் தொழிலில் முதல் போட்டவர்கள். பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருந்தால் விளம்பரச் செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. எடுக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயமும். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் முதலாளிகளுக்கு எவ்வளவு தூரம் ருசிக்கும் என்பது சந்தேகமே.

நான் தோல் பதனிடும் சீமையில் பிறந்தவன். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் சற்று விலகியும் கிடக்கும் ஊர்கள். அன்றைக்கு எல்லாம் வட ஆற்காடு ஜில்லா. 2019-இல் வேலூர் ஜில்லாவை மூன்றாக வகுத்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவில் சேர்ந்தன. ராணிப்பேட்டை தானே ஒரு ஜில்லாவாயிற்று. எப்படி வகுத்தாலும் வாசனையை வகுக்க முடியவில்லை. ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவனை எழுப்பி, "ஊர் வந்துவிட்டது, இறங்கு" என்று சொல்ல அந்த வாசனை ஒன்றே போதும்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட்டுக்கு மணல், முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவன் அதைவிடப் பெரிய மேடு கட்டுவான். ஒரே ஒரு புரொஜக்டர் ஆகையால் ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் ஓர் இடைவேளை. முறுக்கு விற்கிறவனுக்கு யோகம், கதைக்குத்தான் கஷ்டம். பேய்ப் படமாக இருந்தாலோ அந்த இடைவேளைகள் ஒரு தனி உபாதை. விளக்கைப் போட்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பயப்படாதவர்கள்போலச் சிரிப்பார்கள். விளக்கை அணைத்ததும் சிரிப்பும் அணைந்துவிடும்.

அந்தக் கொட்டகைக்குத்தான் 'ஜகன்மோகினி' வந்தாள். 1978-இல் பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த படம். தமிழ் பேசிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. மோகினியாக ஜெயமாலினி; அவளிடம் அகப்பட்டுக்கொள்கிற நாயகனாக நரசிம்மராஜு. அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலை நீட்டி மோகினி சமையல் செய்கிற காட்சியை, படம் பார்த்தவர்கள் மட்டுமல்ல, பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லித் திரிந்தார்கள்.

கொட்டகையில் என்னைச் சுற்றி மூன்று பாஷைகள் ஓடின. வீட்டில் உருது பேசுகிற சாயபு வீட்டுப் பிள்ளைகள், குப்பம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தெலுங்குக்காரர்கள், பிறகு நாங்கள். தெலுங்குப் பேய் தமிழில் பேச, அதை உருதுவில் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தான் என் பக்கத்துப் பையன். மூன்று பேருக்கும் பயம் மட்டும் பொதுவாக இருந்தது. இரண்டாவது ஆட்டம் விட்டு வீட்டுக்குத் திரும்ப டேனரிச் சுவரோரமாகத்தான் வர வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குழிகள். இருட்டில் ஒரு குழியில் 'களக்' என்று ஏதோ கேட்டது. என் அத்தை, மகா தைரியசாலி என்று பெயரெடுத்தவள், என் கையை விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடிப்போனாள்!

விட்டலாச்சார்யாவைப் பற்றி இரண்டு வார்த்தை. உடுப்பிப் பக்கத்துக்காரர். கன்னடப் படங்களில் தொடங்கித் தெலுங்குக்கு வந்து, மாயாஜாலப் படங்களில் தனிக் கொடி நாட்டியவர். 1999-இல் காலமானார். சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஒரு நடிகர் கால்ஷீட்டில் தகராறு செய்தால், கதையில் அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ குரங்காகவோ சபித்துவிட்டு மீதிப் படத்தை எடுத்து முடித்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கதை எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் ஏங்கியது உண்டு.

இந்த ஜகன்மோகினியை 2009-இல் தமிழில் மறுபடியும் எடுத்தார்கள். என். கே. விஸ்வநாதன் டைரக்‌ஷன், நமீதா மோகினி, இளையராஜா சங்கீதம். கம்ப்யூட்டர் வித்தைகள் தாராளமாக இருந்தன. நான் ஆவலோடுதான் போனேன். பயம் வரவில்லை. எனக்கு வயதாகிவிட்டதுதான் காரணம் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன்.

காரணம் அது மட்டும் அல்ல என்பது சமீபத்தில்தான் விளங்கிற்று. என் அக்காள் பேரன், ஏழாவது படிக்கிறவன், கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுக்குப் பழைய ஜகன்மோகினியின் அடுப்புக் காட்சியைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஏன் தாத்தா காலை உள்ளே வைக்கிறாங்க?"

"விறகு இல்லையேடா."

"கேஸ் தீர்ந்துபோச்சா?"

பையன் கேலி செய்யவில்லை. விறகு அடுப்பை அவன் கண்டதே இல்லை. எங்களுக்கு அந்தக் காட்சி ஏன் குலையை நடுக்கியது? தினமும் சாயங்காலம் அம்மா முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிற அதே அடுப்பு அது. மறுநாள் காலையில் அம்மா விறகைத் தள்ளும்போது நான் அவள் பாதத்தைத்தான் பார்த்தேன். விட்டலாச்சார்யாவின் தந்திரக் காட்சி பாதி வேலைதான் செய்தது. மீதியை எங்கள் வீட்டுச் சமையலறை செய்தது. அந்தச் சமையலறை போய்விட்ட பிறகு மோகினியை எத்தனை கம்ப்யூட்டர் கொண்டு அலங்கரித்தாலும் அவள் நிற்க இடம் ஏது?

முற்காலத்தில் படங்களைத் திரும்ப எடுப்பதில் இந்தச் சங்கடம் எழவில்லை. வயது தாண்டுவதற்காக அல்ல, பாஷை தாண்டுவதற்காகத்தான் எடுத்தார்கள். 1964-இல் ராஜ் கோஸ்லா இந்தியில் 'வோ கௌன் தீ' எடுத்தார். இரண்டே வருஷத்தில், 1966-இல், அது 'யார் நீ?' என்று ஜெய்சங்கர், ஜெயலலிதாவோடு தமிழுக்கு வந்துவிட்டது. பார்த்தவர்கள் அதை மறுபதிப்பு என்று நினைக்கவே இல்லை. நம்முடைய படம் என்றே நினைத்தார்கள். இப்போது நடப்பதோ தாத்தா பார்த்ததைப் பேரனுக்காக எடுப்பது. வெள்ளைக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். மூர்னாவ் 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வை ஹெர்ஸாக் 1979-இலும், எக்கர்ஸ் என்ற அமெரிக்கர் 2024-இலும் திரும்ப எடுத்தார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) 1998-இல் ஒருவர் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அப்படியே, வர்ணத்தில் எடுத்துப் பார்த்தார். எதையும் மாற்றாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒன்றே சாட்சி: எல்லாம் இருந்தது, சைக்கோவைத் தவிர.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் நடந்த மிகச் சுவையான சம்பவம் 'மணிச்சித்திரத்தாழ்' வம்சாவளிதான். 1993-இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்தார். மது முட்டம் எழுதியது. நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது. 2004-இல் பி. வாசு அதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்தார். 2005-இல் அவரே ரஜினிகாந்தையும் ஜோதிகாவையும் வைத்துத் தமிழில் 'சந்திரமுகி'. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா'. எல்லாம் ஓடின. சந்திரமுகி சென்னை சாந்தி தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? மலையாளப் படத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. கோபம் வந்தால் தமிழில் பேசுகிறாள். மலையாளிக்கு அது புரியும், ஆனால் முழுதும் புரியாது. அந்த இடைவெளியில்தான் பயம் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் எடுக்கும்போது அவளைத் தமிழ் பேச விட்டால் பக்கத்து வீட்டுப் பெண் சண்டை போடுகிற மாதிரி இருக்குமே! ஆகவே சந்திரமுகி ஆந்திர தேசத்திலிருந்து வந்து தெலுங்கில் பேசினாள். இந்தியில் அவளே வங்காளத்து மஞ்சுளிகாவாகி வங்காளி பேசினாள். ஒவ்வொரு பாஷைக்காரனும் தன் பேயை எல்லைக்கு அப்பாலிருந்து வரவழைத்துக்கொண்டான். அவள் யார்? பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து அழைத்து வரப்பட்டு, வந்த வீட்டிலேயே செத்துப்போனவள். கதையின் உயிர் அங்கே இருப்பதை உணர்ந்துகொண்டு மற்றதை எல்லாம் மாற்றினார்கள். அதனால்தான் வம்சம் விருத்தியாயிற்று.

நம் பேரப்பிள்ளையாண்டான் சந்திரமுகியைப் பல தடவை பார்த்தவன். மலையாள மூலத்தைப் போட்டுக் காட்டினேன். நாகவல்லி வாயைத் திறந்ததும் துள்ளி எழுந்து, "தாத்தா, இது நம்ம ஊர்ப் பேய்!" என்றான். தஞ்சாவூர் எங்கே, ஆம்பூர் எங்கே? இருந்தாலும் கடைசி வரையில் எழுந்திருக்காமல் பார்த்தான். சந்திரமுகி இல்லாவிட்டால் அவன் அந்தப் பழைய படத்தின் பக்கமே போயிருக்க மாட்டான். மறுபதிப்புக் கூடாது என்கிற என் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊர்த் தொழிலிலும் இதற்கு ஒரு சங்கதி உண்டு. ஆவாரம் பட்டை போட்டு இங்கே பாதி பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்' என்ற பெயரோடு சென்னை வழியாக லண்டனுக்குப் போகும். அங்கே அதை மறுபடி பதனிட்டு, சாயம் ஏற்றித் தங்கள் சரக்காக்கிக்கொள்வார்கள். 1970-களில் அரசாங்கம் பாதித் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, எங்கள் ஊர்க்காரர்களே முழுதும் முடித்து, பூட்ஸ் வரையில் செய்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்து மேஸ்திரி ஒருவரை ஒரு தடவை கேட்டேன், ஒரே தோலை இரண்டாம் தடவை பதனிட முடியுமா என்று. "பேஷா செய்யலாம் ஐயா. எந்தச் சாயமும் ஏறும். ஆனா முதல்ல உப்புப் போடாம அழுகவிட்ட தோல் இருக்கே, அதை எவனாலும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

சினிமாவில் உப்புப் போட மறந்தவர்கள் நாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இன்று இல்லை. 'நோஸ்ஃபெராட்டு'வை, 'டிராகுலா' நாவலைத் திருடி எடுத்தது என்று சொல்லி, பிரதிகளை அழிக்கும்படி கோர்ட்டே தீர்ப்புச் செய்தது. அதற்குள் பல தேசங்களுக்குப் போய்விட்ட பிரதிகளால் பிழைத்தது. நமக்கோ கோர்ட்டு தேவைப்படவில்லை. கேரளத்தில் வின்சென்ட் 1964-இல் எடுத்த 'பார்கவி நிலையம்' தப்பிப் பிழைத்தது. பஷீர் தம் 'நீலவெளிச்சம்' கதையிலிருந்து தாமே எழுதிக் கொடுத்தது அது. 2023-இல் ஆஷிக் அபு அதைப் பழைய பாட்டுக்களோடு, பழைய பெயரை விட்டுக் கதையின் பெயரிலேயே எடுத்தார். நான் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். பழையதுதான் உசத்தி என்பது என் கட்சி. ஆனால் அப்படிக் கட்சி கட்டுவதற்கே இரண்டும் கையில் இருக்க வேண்டுமல்லவா? பழையதன் நல்ல பிரதி பத்திரமாக இல்லாத படத்தைப் புதிதாக எடுக்க அனுமதிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் நான் கை தூக்குவேன்.

பேரன் ஊருக்குப் போகுமுன் ஒரு கேள்வி போட்டான்: "நம்ம ஊர்ல எடுத்தா மோகினி எங்கே தாத்தா இருப்பா?" அடுப்பு போயிற்று. பாலாற்றங்கரை என்று சொல்லலாம் என்றால், ஆற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். தோல் கழிவால் கெட்ட கிணறுகளுக்காக வேலூர் ஜனங்கள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1996-இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தோல் தொழிற்சாலையில் வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் அந்தச் சேறு புரண்டது. பத்துப் பேர் போனார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பையனிடம் இதைச் சொல்லலாமா என்று சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவங்க என்ன பாஷை பேசுவாங்க?" என்று கேட்டான்.

வங்காளி என்றேன்.